ஐந்து நாடுகளின் பூட்டு

எழுந்து வாருங்கள், படிப்பவர்களே! கையிலுள்ள வேலையை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் வரிப்பணத்தில் கட்டிய கட்டடம் ஒன்றில், உங்கள் பெயரால் பூட்டிய கதவு ஒன்று இருக்கிறது. அதன் முன்னே வந்து நின்று, நடப்பதைக் கண்ணாரப் பாருங்கள்.

கதவு சாம்பல் நிறம். கைப்பிடி கிடையாது. பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் அடையாள அட்டையை ஒற்றினால் பச்சை விளக்கு எரியும், கதவு விலகும். இப்போது அங்கே ஒரு பெண் நிற்கிறாள். நடு வயது, நெற்றியோரம் நரை, தோளில் தண்ணீர் பாட்டில் துருத்தும் துணிப்பை. அட்டையை ஒற்றுகிறாள். சிவப்பு. அட்டையை முந்தானையில் துடைத்து மறுபடி ஒற்றுகிறாள். மறுபடியும் சிவப்பு.

காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பல வருஷம் அவளுக்கு வணக்கம் சொன்ன மனிதர். அதனால் அவர் குரலில் அதட்டல் இல்லை, சங்கடந்தான் இருந்தது.

"அட்டையில கோளாறு இல்லம்மா. உள்ள போறவங்க பேருல உங்க பேரு இல்ல."

"உள்ள இருக்கிறதே நான் எழுதினதுதாங்க."

"தெரியும்மா. காலையில ஏசி ரிப்பேர்காரன் வந்தான், அவன் பேரு இருந்துச்சு. நான் என்ன பண்றது?"

அவள் சிரித்தாள். வேறென்ன செய்வாள்? பெற்றவளை வெளியே நிறுத்திவிட்டுத் தொட்டிலுக்குக் காவல் போட்ட கதைதான் இது. ஆனால் அந்தத் தொட்டிலில் கிடந்தது அவளுடைய பெருமையல்ல. அவள் தம்பியின் தலை.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'அளவுக்காரி' என்று பெயர். வெடி வெடிக்கும்போது காற்றில் எழும் அழுத்த அலையை அளப்பது அவள் தொழில். கட்டைவிரல் பருமனுள்ள அழுத்தமானிகளைக் கம்பங்களில் பொருத்தி, கம்பியிழுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துபோகும் அடியை எண்ணாக மாற்றித் தருவாள். பல வருஷமாக அவள் அளந்தது தோளில் வைத்துச் சுடும் பீரங்கியை. சுடுகிறவன் எதிரியைத்தான் குறிவைக்கிறான். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் குழல் அவன் மண்டையையும் ஓர் அறை அறைகிறது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. காதுக்குப் பஞ்சு உண்டு. மூளைக்கு ஏது பஞ்சு?

அவள் தம்பி அந்தப் பீரங்கியைச் சுடக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநன். சுடுதளத்தில் எல்லோரும் அவனை 'வாத்தியார்' என்பார்கள். சுடுகுழி என்பது மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய இடம். பயிற்சிக்கு வந்தவன் குழலைத் தோளில் ஏற்றி மண்டியிடுவான். வாத்தியார் சுவரோரமாக அவனை ஒட்டி நின்று, தோளைத் தட்டி 'சுடு' என்பான். பயிற்சிக்காரன் சுட்டுவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அடுத்தவன் வருவான். வாத்தியார் மட்டும் அங்கேயே நிற்பான். குழல் கொடுக்கும் அடி ஒன்று. சுவரில் மோதித் திரும்பும் அடி இன்னொன்று. இரண்டையும் வாங்கிக்கொண்டு, நாள் முழுக்க, பருவம் முழுக்க நிற்பான்.

வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும்படி பேசியவன் அவன். ஓராண்டாகப் பேச்சின் நடுவே நின்றுவிடுகிறான். வார்த்தை வாசல்வரை வந்து திரும்பிப் போய்விடுகிறது. குழாயைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். செருப்பைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டு மகள், "அப்பா, நாளைக்குச் சாப்பாடு செருப்பா?" என்று கேலி செய்தபோது, கையிலிருந்த தட்டைச் சுவரில் எறிந்தான். பிறகு அவனே உட்கார்ந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினான். அன்று அவன் மனைவி அளவுக்காரிக்குப் போன் செய்தபோது அழவில்லை. "அண்ணி, இவர் இவரா இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அளவுக்காரிக்கு அதற்கு முன்பே சந்தேகம் உண்டு. சுவரோரம் வைத்த மானி ஒன்று, இருக்கவே கூடாத எண் ஒன்றைக் காட்டியிருந்தது. ஆனால் ஒரு நாட்டில் எத்தனை பயிற்றுநர்கள் இருந்துவிடப் போகிறார்கள்? அந்தச் சிறு எண்ணிக்கையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் வேறு, சான்று வேறு. அறிவியல் சந்தேகத்துக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. அப்போதுதான் அவள் ஒரு நல்ல காரியம் செய்தாள். செய்யக்கூடாத நல்ல காரியம்.

ஐந்து நாடுகள் சேர்ந்து பாதுகாப்பு ஆராய்ச்சி நடத்தும் கூட்டமைப்பு ஒன்று உண்டு. கைகுலுக்கல், கொடிவரிசை, குழுப்படம் எல்லாம் உண்டு. அந்த மேடையில் அவள் நின்று, நாற்பக்கமும் கெஞ்சி, ஐந்து நாட்டு அளவுகளையும் பயிற்றுநர்களின் மருத்துவச் சோதனைகளையும் ஒரே குவியலாகச் சேர்க்க வைத்தாள். எல்லை கடந்த அறிவு, இனம் கடந்த ஆய்வு என்று உளமார நம்பினாள். குவியல் பெரிதானது, சந்தேகம் தெளிந்தது. சுவரோரம் நிற்கும் பயிற்றுநனின் மூளை ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைகிறது. தப்பிக்கும் வழியும் அதே குவியலில் கிடைத்தது. குழியின் சுவரை இடி. பயிற்றுநனைப் பின்னுக்கு நிறுத்து. ஒரு நாளுக்கு இத்தனை குண்டுதான் என்று வரம்பு கட்டு. குழந்தைக்கும் புரியும் மருந்து. காசு பணம் பெரிதாகத் தேவையில்லை.

அவள் வாதாடி நிறுவிய அந்தக் கூட்டாய்வுக்கு ஒரு விதி இருந்தது. ஐந்து நாட்டுத் தகவலும் கலந்து எது பிறந்தாலும், ஐந்தில் யாருடைய பூட்டு கடுமையோ அந்தப் பூட்டே அதற்கும். கையெழுத்திடும்போது அந்த விதியை அவள் படித்தாள், நியாயமாகவே பட்டது. ஆனால் ஒரு நாட்டின் பூட்டு, குறிப்பிட்ட பதவிக்கு மேலுள்ளவர்களுக்கு மட்டுமே திறப்பது. அளவுக்காரிக்கு அந்தப் பதவி இல்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எழுதி அனுப்பிய மறுநாள் அவளுடைய அட்டைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. தனி நாட்டின் எண்களோடு நின்றிருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல உறுதி இருந்திருக்காது. இப்போது உறுதி இருந்தது. வாயில்லை.

பூட்டைத் தளர்த்த ஐவரும் சம்மதிக்க வேண்டும். அதற்கென்று திரைவழிக் கூட்டம் நடந்தது. இயக்குநர் அவளைச் சுவரோரம் உட்காரவைத்தார். பார்க்கலாம், பேசக் கூடாது. திரையில் நான்கு முகங்கள். ஒருவரும் 'முடியாது' என்று சொல்லவில்லை. ஒருவர் அறிக்கையைப் பாராட்டினார். மொழிபெயர்ப்பு வந்ததும் படிப்பதாகச் சொன்னார். இன்னொருவர் சட்டத்துறையைக் கேட்க வேண்டும் என்றார். வேறொருவர் நாட்டில் தேர்தல். நான்காமவர், மற்றவர்கள் எப்படியோ தாங்களும் அப்படியே என்று தலையாட்டினார். இவள் நாட்டு இயக்குநரோ, முதலில் நாம் முந்திக்கொண்டால் நன்றாயிராது என்று தயங்கினார். ஒருவர்கூடக் கெட்டவரல்லர். எல்லோரும் கண்ணியமாக நன்றி சொல்லித் திரையை அணைத்தார்கள். கொலைகாரன் இல்லாத கொலையை நீங்கள் பார்த்ததுண்டா? இதோ, அந்தக் கூட்டத்தில் நடந்தது.

வெளியே வந்ததும் இயக்குநர் தாழ்ந்த குரலில் சொன்னார். அவரும் மனிதர்தான், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்க மனசுல இருக்கிறதை யாரும் அழிக்க முடியாது. ஆனா அது வாய் வழியா வந்தா குத்தம். உங்க தம்பிகிட்டச் சொன்னாலும் குத்தம்தான். என்னால காப்பாத்த முடியாது."

"அவன் வர்ற திங்கக்கிழமை மறுபடி குழிக்குப் போறான் சார்."

"தெரியும்" என்றார். "ஐந்து நாட்டுக் கூட்டுப் பயிற்சி."

ஒத்துழைப்பின் அழகைப் பாருங்கள். சுடுவதற்கு ஐந்து நாடும் ஒன்றாகக் கூடிவிட்டன. சுட்டால் என்னாகும் என்று சொல்வதற்குத்தான் இன்னும் கூடவில்லை.

திங்கட்கிழமைக்கு முன் தம்பியை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டியிருந்தது. மனைவி சொன்னால் போகமாட்டான். அக்கா காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றால் மறுப்பு கிடையாது. மருத்துவர் இளவயதுப் பெண், அவசரப்படாதவர். அவன் கண்ணில் விளக்கடித்தார், கோட்டில் நடக்கச் சொன்னார், சில சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டார். அவன் பாதியைச் சொன்னான், மீதிக்குக் கேலி செய்தான்.

"டாக்டர், ஞாபகம் இருந்தா நான் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டேனே!"

மருத்துவர் சிரித்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"வெடிச்சத்தத்துக்குப் பக்கத்துல ரொம்ப வருஷமா வேலை செய்றாருன்னு சொல்றீங்க. அதனால மூளைக்குப் பாதிப்பு வரும்னு எங்கேயாவது ஆராய்ச்சி இருக்கா? நீங்க அந்தத் துறைன்னு இவர் சொன்னார். தெரிஞ்சா மருந்தையே மாத்தி யோசிக்கலாம்."

அறையில் சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த மூளை ஒன்று, வண்ணம் வண்ணமாக, பிரித்துப் பிரித்துச் சேர்க்கும்படி இருந்தது. கரையும் பகுதி எதுவென்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியும். மஞ்சள் துண்டு. கைக்கெட்டும் தூரம்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல டாக்டர்" என்றாள் அளவுக்காரி.

மருத்துவர் தலையசைத்து, மன உளைச்சல், தூக்கக் குறைவு என்று எழுதி மாத்திரை கொடுத்தார். சொந்தத் தம்பியின் முன்னே, சொந்த உழைப்பை இல்லையென்று சொல்லவைத்தது எது? சிறையில்லை, சவுக்கில்லை. ஒரு விதி, அவளே வரவேற்ற விதி.

இருவரும் காரில் கிளம்பினார்கள். சிக்னலில் வண்டி நின்றது. அப்போதுதான் திரும்பினான்.

"அக்கா, நீ பொய் சொன்ன."

அவள் முன்னே இருந்த லாரியையே பார்த்தாள்.

"சின்ன வயசுல அம்மாவோட கண்ணாடியை நான் உடைச்சப்போ, நீ 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னியே, அதே குரல். அன்னிக்கும் என்னைக் காப்பாத்தத்தான் சொன்ன. இன்னிக்கு யாரைக் காப்பாத்தற?"

அவள் சிக்னலில் குறையும் நொடிகளை எண்ணினாள்.

"சரி, சொல்ல வேணாம். தலையை மட்டும் ஆட்டு." அவள் ஆட்டவில்லை. ஆட்டினால் அதுவும் சொன்னதுதான். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒரு தலையாட்டலுக்கே இவ்வளவு பெரிய பூட்டுன்னா, உள்ள இருக்கிறது என்னன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"வேலைக்குப் போகாத. லீவு போடு." அவ்வளவுதான் அவளால் முடிந்தது. ஓர் அக்கா யாருக்கும் சொல்லக்கூடியது.

"நான் லீவு போட்டா குழி லீவு போடுமா? 'சிரிப்பான்'னு நாங்க கூப்பிடறவன் எனக்குப் பதிலா வந்து நிப்பான். நான் பழக்கின பையன், போன மாசம்தான் அவனுக்குக் குழந்தை பொறந்திருக்கு." பச்சை விளக்கு விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். "எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லு அக்கா. காரணம் வேணாம். எடம் மட்டும் சொல்லு."

அந்தக் கேள்வியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். விதி அவள் வாயைக் கட்டியிருந்தது, தொழிலைக் கட்டவில்லை. அடுத்த நாளே இயக்குநரிடம் போய், கூட்டுப் பயிற்சியில் அழுத்தம் அளக்க அனுமதி கேட்டாள்.

"அந்த ஆய்வுதான் முடிஞ்சுபோச்சே!"

"முடிஞ்ச ஆய்வுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான் உள்ள போக முடியாதவ. அதனால முதல்லேர்ந்து அளக்கறேன். நம்ம நாட்டு மானி, நம்ம நாட்டுக் கம்பி. நம்ம பூட்டு."

இயக்குநர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை அவள் சுடுகுழியில் மானிகளை நட்டாள். பிறகு ஒரு வாளிச் சுண்ணாம்பும் தூரிகையும் எடுத்து, குனிந்து, குழிக்குப் பின்னே தள்ளித் தரையில் நீளமாக ஒரு வெள்ளைக்கோடு இழுத்தாள். யாரும் கேட்கும்முன் அறிவித்தாள்: ஆள் அருகில் நின்றால் அலை உடம்பில் பட்டுச் சிதறும், அளவு கெடும், ஆகவே சுடுகிறவனைத் தவிர எல்லோரும் கோட்டுக்குப் பின்னே. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அறிவியலுக்கு இடைஞ்சல் என்றதும் அதிகாரிகள் அத்தனை பேரும் மரியாதையாகப் பின்வாங்கினார்கள். மனிதனுக்கு ஆபத்து என்றிருந்தால் குழு அமைத்திருப்பார்கள்.

வாத்தியார் கோட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். கோட்டுக்குப் பின்னே போய் நின்று, தோளைத் தட்டுவதற்குப் பதிலாக விசில் ஊதினான். மற்ற நாட்டுப் பயிற்றுநர்களும் வந்து அவன் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். குழல் முழங்கியது. சுவரில் மோதிய அலை, ஆளில்லாத இடத்தை அறைந்தது. அந்த வாரம் முழுதும் பயிற்றுநர்கள் கோட்டுக்குப் பின்னேயே நின்றார்கள். தம்பியின் மனைவி போன் செய்தாள்; அவன் மகளோடு உட்கார்ந்து கடைசிவரை ஒரு கதை சொன்னானாம். ஒரு வாரத்தில் எதுவும் ஆறிவிடாது என்று அளவுக்காரிக்குத் தெரியும். தெரிந்தும் மகிழ்ந்தாள்.

எண்கள் சேர்ந்தன. இவை நம் எண்கள், நம் நாட்டுக்கு மட்டும் சொந்தம், இவற்றை உரக்கப் பேசலாம் என்று அவள் வாசித்துக் காட்டப் போன அன்று, இயக்குநரின் மேசைமேல் தலைமையகத்தின் உத்தரவு இருந்தது. மானி நம்முடையதுதான், கம்பி நம்முடையதுதான். ஆனால் குழலைத் தோளில் வைத்துச் சுட்டவர்களில் ஐந்து நாட்டவரும் இருந்தார்கள். ஆகவே எண்களும் ஐந்து நாட்டுக்கும் சொந்தம். விதி பழைய விதி, பூட்டு பழைய பூட்டு. மானிகளை உடனே பிடுங்க வேண்டும்.

ஓடி ஒளிந்த அறைக்கும் அதே சாம்பல் கதவு! அவள் வாதாடினாள், வாதம் தோற்றது. மானிகளை அவள் கையாலேயே கழற்றினாள். கம்பியைச் சுருட்டினாள். வெள்ளைக்கோடு மட்டும் தரையில் கிடந்தது, காரணமில்லாத கோடாக.

பயிற்றுநர்கள் பழைய இடத்துக்குப் போகலாம் என்றார் சுடுதளத்தின் தளபதி. மற்றவர்கள் நகர்ந்தார்கள். வாத்தியார் நகரவில்லை.

"அளவுதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்குப்பா அங்க நிக்கற?" என்று தளபதி கேட்டார்.

"உள்ள நின்னா என்ன ஆகும்னு எனக்கு யாரும் சொல்லலீங்க. சொல்றவரைக்கும் இங்கயே நிக்கறேன்."

"ஒண்ணும் ஆகாது."

"அதை எழுதிக் குடுங்க, உள்ள போறேன்."

தளபதி எழுதவில்லை. அவருக்கும் எதுவும் தெரியாது. தெரியாததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்? உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவன் என்று அன்று மாலையே வாத்தியாரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். கூரை உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள், ஒற்றை மின்விசிறி, சத்தமே இல்லாத இடம்.

அளவுக்காரி அங்கே போனாள். தம்பி தப்பிவிட்டான் என்று உள்ளூர ஒரு குளிர்ச்சி. அதை மறைக்க முடியவில்லை. அவன் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"சந்தோஷமா இருக்கியா அக்கா?"

"ஆமா" என்றாள்.

"நான் வெளிய வந்தேன். சிரிப்பான் உள்ள போயிட்டான்." சொல்லிவிட்டு ஏதோ தேடினான், வார்த்தை வரவில்லை. கை மட்டும் காற்றில் யாருடைய தோளையோ தட்டியது. "நீ என்னை மட்டும் அளந்துட்ட அக்கா."

அவள் திரும்பிச் சுடுதளத்து வேலியோரம் வந்து நின்றாள். குழிக்குள்ளே சிரிப்பான் சுவரோரமாக நின்றிருந்தான். வெள்ளைக்கோடு மிதிபட்டு மிதிபட்டுப் பாதி அழிந்திருந்தது. அவன் ஏதோ சொல்ல, மண்டியிட்டிருந்தவன் சிரித்தான். பிறகு சிரிப்பான் அவன் தோளைத் தட்டினான். குழல் முழங்கியது, சிரிப்பானின் தலை ஒருமுறை ஆடியது, ஒப்புக்கொள்வதுபோல. அடுத்தவன் வந்தான். வேலியின் இந்தப் பக்கம், அந்த முழக்கத்தின் எண்ணை அறிந்த ஒரே பெண், கம்பியைப் பற்றிக்கொண்டு வாயடைத்து நின்றாள்.

படிப்பவர்களே, அவளுக்கு வாய் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடவில்லை. எந்தப் பூட்டுக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். சிரிப்பான் யாரோ ஒருத்தியின் தம்பி. உங்கள் வாக்குக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திச் சொல்லுங்கள்: பீரங்கியின் கணக்கைப் பூட்டிக்கொள், அது சுடும் தூரத்தைப் பூட்டிக்கொள். மனிதன் உடம்பில் பாயும் அடியின் கணக்கை எந்த நாடும், எத்தனை நாடுகள் சேர்ந்தாலும் பூட்டக் கூடாதென்று சட்டம் கொண்டுவா என்று கேளுங்கள். மழுப்பினால் மறுபடி கேளுங்கள். ஊர்க்கூட்டத்தில் கேளுங்கள், தெருமுனையில் கேளுங்கள், அந்தச் சாம்பல் கதவின் முன்னே திரண்டு நின்று கேளுங்கள். குழியில் அடுத்த குண்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்றே கேளுங்கள்!